அகராதி கண்ட வின்சுலோ

பசுமலையில் வாழ்வோர்க்கு அமெரிக்கா தொலைநாடு அன்று. அன்றாடப் பேச்சில் வந்துபோகும் ஒரு சொல். திருமங்கலத்தில் தொடங்கப்பெற்ற அமெரிக்க மிஷன் செமினரி 1845இல் இம்மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் வழிவந்த கல்லூரி 1881இல் இங்கே தோன்றி, 1904இல் மதுரை நகருக்குள் பெயர்ந்து, அமெரிக்கன் கல்லூரி என வழங்கலாயிற்று. நகரில் கேப்ரன் ஹால் பள்ளிக்கு வழி கேட்போரும் வழி சொல்வோரும் கேப்ரன் என்பது ஓர் அமெரிக்கரின் பெயர் என நினைத்துப் பார்ப்பதில்லை. வழக்கில் தேய்ந்து மக்கள் நாவில் கலந்துவிட்ட பெயர்களின் இயல்பு அது.

தமிழ் பயில்வோரிடையே அவ்வாறு கலந்துவிட்ட அமெரிக்கப் பெயர் வின்சுலோ. அது ஓர் ஆளின் பெயர் என்பதே மறந்து, ஒரு நூலின் பெயராகிவிட்டது. ஐயம் நேரும்போது வின்சுலோவைப் பார்க்கிறோம். வின்சுலோவில் இல்லை என்கிறோம். அவரை ஆங்கிலேயர் என்று எண்ணியிருக்கும் மாணவியரை ஆண்டுதோறும் வகுப்பறையில் காண்கிறேன். போப், கால்டுவெல் ஆகியோருடன் ஒரே வரிசையில் அவரை நிறுத்திப் பழகியதன் விளைவு இது. அவர் ஆங்கில ஆட்சியின் குடிமகன் அல்லர். அவர் தொகுத்த அகராதியின் இயல்பை அறிய விழைவோர் இவ்வேறுபாட்டைச் சற்று உன்னிப்பாக நோக்குதல் வேண்டும்.

மைரன் வின்சுலோ 1789ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் வெர்மான்ட் நாட்டின் வில்லிஸ்டன் என்னும் ஊரில் பிறந்தார். நாடு என்று கூறியது பிழையன்று. 1777 முதல் 1791 வரை வெர்மான்ட் தனிக் குடியரசாகவே இருந்தது. அதன் பின்னரே பதினான்காம் மாநிலமாக அமெரிக்க ஒன்றியத்தில் இணைந்தது. அவர் பிறந்த ஆண்டின் ஏப்ரலில்தான் ஜார்ஜ் வாஷிங்டன் முதல் குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்றார். ஆக, ஒரு தேசம் தனக்கான சட்டம், அவை, பதவி ஆகியவற்றோடு அவற்றைக் குறிக்கும் சொற்களையும் ஆக்கிக்கொண்டிருந்த காலத்தில் வளர்ந்தவர் அவர்.

அச்சொல்லாக்கத்தின் தலைமகன் நோவா வெப்ஸ்டர் (1758–1843). அவர் 1783இல் வெளியிட்ட எழுத்துப் பாடநூல், அரிச்சுவடி போல அந்நாட்டுப் பள்ளிகளெங்கும் பரவியது. 1828இல் அவர் தம் பேரகராதியை வெளியிட்டார். அதில் ஏறத்தாழ 70,000 சொற்கள். இலண்டனின் அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட சொல்லே சொல் என்றிருந்த நிலையை அவர் ஏற்கவில்லை. அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடமிருந்து உழவரும் வேட்டுவரும் பெற்றுக்கொண்ட விலங்குப் பெயர்களும் காய்கறிப் பெயர்களும் அவருடைய அகராதியில் ஏறின. காங்கிரஸ், செனட் என்பன தம் புதிய அமெரிக்கப் பொருளுடன் ஏறின. வின்சுலோ இவரைப் பார்த்து அகராதி செய்தார் என்று கூற வரவில்லை. இருவரும் நியூ இங்கிலாந்து என்னும் ஒரே நிலப்பகுதியின் மக்கள். தெருவில் வழங்கும் சொல்லுக்கும் ஏட்டில் இடமுண்டு என்னும் எண்ணம் அப்பகுதியின் காற்றில் இருந்த காலம் அது.

மிடில்பரி கல்லூரியிலும் ஆண்டோவர் இறையியல் பள்ளியிலும் கற்றுத் தேறிய வின்சுலோ, 1819ஆம் ஆண்டு ஜூன் மாதம் துணைவியார் ஹாரியட்டுடன் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறினார். அதே கப்பலில் வந்தவர்கள் லெவி ஸ்பால்டிங்கும் மருத்துவர் ஜான் ஸ்கடரும். வேலூர் மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அம்மருத்துவரின் பேத்தியாவார்.

இவர்கள் நேரே மதுரைக்கோ சென்னைக்கோ வராமல் யாழ்ப்பாணம் சென்றது ஏன்? 1812இல் அமெரிக்காவும் பிரிட்டனும் மீண்டும் போரிட்டன. அமெரிக்கர் என்றாலே கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஐயம். கம்பெனியின் ஆட்சிக்குள் அடங்காமல் பிரிட்டிஷ் அரசின் நேரடி ஆட்சியில் இருந்த இலங்கை அவர்களுக்கு இடமளித்தது. 1816 முதல் தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷன் இயங்கி வந்தது. ஆயினும் அங்கும் ஐயம் தீரவில்லை. 1820இல் அச்சுத்தொழில் வல்ல ஜேம்ஸ் காரெட் என்பார் யாழ்ப்பாணம் வந்தபோது ஆளுநர் அவரை வெளியேறுமாறு ஆணையிட்டார். பாதிரியார் பேசலாம், அச்சடிக்கலாகாது! 1834இல்தான் மானிப்பாயில் அமெரிக்க அச்சகம் இயங்கத் தொடங்கியது. அச்சின் ஆற்றலை நம்மினும் அரசுகள் முன்னதாகவே உணர்ந்துவிடுகின்றன.

உடுவிலில் குடியேறிய வின்சுலோ தமிழ் கற்றார். ஹாரியட் அம்மையார் 1824இல் அங்கே பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவில் பெண்களுக்கென எழுந்த தொடக்ககால விடுதிப் பள்ளிகளுள் அது ஒன்று. பெண் எழுத்தறிந்தால் கைம்பெண் ஆவாள் என்னும் அச்சம் நிலவிய நாள்களில் அவ்வம்மையார் வீடு வீடாகச் சிறுமியரைத் தேடிய முயற்சி தனிக் கட்டுரைக்கு உரியது. அவர் 1833 ஜனவரியில் உடுவிலிலேயே காலமானார். அவர் வாழ்க்கையை வின்சுலோ நூலாக எழுதி 1835இல் வெளியிட்டார்.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் விட்டுச்சென்ற விந்தையான வழக்கு ஒன்று உண்டு. விடுதியில் பயிலும் பிள்ளையின் செலவை ஏற்கும் அமெரிக்கக் கொடையாளி, அப்பிள்ளைக்குத் தாம் விரும்பும் பெயரைச் சூட்டலாம். இவ்வாறு பாஸ்டன், பிலடெல்பியா நகரங்களின் பெயர்கள் பனந்தோப்புகளுக்கு இடையே வந்து சேர்ந்தன. கணிதப் புலமை மிக்க கரோல் விசுவநாதபிள்ளை, தருக்க நூல் வல்ல நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, பாவலர் சரித்திர தீபகம் தந்த ஆர்னல்டு சதாசிவம்பிள்ளை ஆகிய பெயர்களை நினைவுகூர்க. பெற்றோர் இட்ட பெயருக்கு முன்னே கடல் கடந்த ஒரு பெயர் வந்து நிற்கிறது. அதை அன்பின் அடையாளம் என்பதா, ஆதிக்கத்தின் முத்திரை என்பதா? இரண்டும் கலந்ததே என்பது என் கருத்து. ஒருவர் பெயரை மாற்றும் உரிமை கல்விக்கு விலையாகக் கேட்கப்பட்டது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. அதே வேளையில், அப்பெயர் தாங்கியவர்கள் தமிழைக் கைவிடவில்லை. தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் திரட்டி 1886இல் நூலாக்கியவர் ஆர்னல்டு என்னும் பெயருடையவரே.

இனி அகராதிக்கு வருவோம். அதன் விதை வின்சுலோ இட்டதன்று. யாழ்ப்பாணம் நல்லூரில் பணியாற்றிய ஜோசப் நைட் என்னும் ஆங்கிலப் பாதிரியார் பல்லாண்டுகள் சொல் திரட்டினார். கபிரியேல் திசேரா, பீட்டர் பெர்சிவல் ஆகியோர் அவருக்குத் துணை நின்றனர். அத்திரட்டு முற்றுப்பெறுமுன் நைட் மறைந்தார். திரட்டிய சொற்கள் பல கைகளுக்குச் சென்றன. அவற்றிலிருந்து கிளைத்ததே 1842இல் மானிப்பாயில் அச்சான தமிழ் – தமிழ் அகராதி. யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் வழங்கும் அந்நூலில் 58,500 சொற்கள் உள. அதனைத் தொகுத்தவர் சந்திரசேகர பண்டிதர். தமிழ் – ஆங்கிலப் பகுதியைப் பெருநூலாக்கும் பொறுப்பு வின்சுலோவின் தோள்மேல் ஏறியது.

இதற்கிடையே மதுரைக்கு வழி திறந்தது. 1833ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி கம்பெனியின் தடை தளர்ந்ததும், 1834இல் யாழ்ப்பாணத்து அமெரிக்கர் மதுரையில் மிஷன் நிறுவினர். வட்டுக்கோட்டைச் செமினரியை வளர்த்த டேனியல் பூர் சில ஆண்டுகள் மதுரையில் பள்ளிகள் நடத்தினார். பசுமலைக்கு அமெரிக்கா வந்த பாதை பாக்கு நீரிணையின் ஊடே வந்த பாதைதான். வின்சுலோவும் ஸ்கடரும் 1836இல் சென்னைக்குச் சென்றனர். அங்கே வின்சுலோ கழித்த 28 ஆண்டுகளின் பெரும்பகுதி அகராதிக்கே ஆயிற்று. பள்ளி நடத்தினார், தமிழ் விவிலியத் திருத்தக் குழுவில் அமர்ந்தார், மனைவியரை ஒருவர் பின் ஒருவராக நோய்க்குப் பறிகொடுத்தார். அகராதிப் படிகள் மட்டும் நாள்தோறும் வளர்ந்தன.

அந்நாளைய சென்னையில் இன்னோர் அமெரிக்கச் சொல்லும் பிறந்தது. பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர், நியூ இங்கிலாந்துக் குளங்களில் குளிர்காலத்தில் உறையும் பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் அனுப்பினார். அதைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் வட்டவடிவக் கட்டடம் எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயரே அப்பகுதிக்கு நிலைத்தது. பனி போயிற்று; விவேகானந்தர் 1897இல் அங்கே தங்கினார்; கட்டடம் விவேகானந்தர் இல்லம் ஆயிற்று; பேருந்து நடத்துநரும் தானி ஓட்டுநரும் ஐஸ் ஹவுஸ் என்பதை விடவில்லை. தோரோ 1854இல் வெளியிட்ட வால்டன் நூலில், தம் குளத்து நீரைச் சென்னை மக்கள் பருகுவதாக எண்ணி வியக்கிறார். தம் நாட்டுக் குளத்துப் பனி வந்திறங்கிய அதே நகரில் அமர்ந்து, தமிழ்ச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் எழுதினார் வின்சுலோ. கவிஞர் எவரேனும் இக்காட்சியை எடுத்துக்கொள்ளலாம். உரைநடையில் எனக்கு இதற்குமேல் இயலவில்லை.

1862இல் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் நூல் வெளிவந்தது. சொற்கள் 67,000க்கு மேல். வெப்ஸ்டரின் எண்ணிக்கைக்கு இது மிக அருகில் நிற்பதைக் காண்க. இத்தனை சொற்களையும் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைந்த பக்கங்களில் அடக்க வேண்டியிருந்தது. அச்சகத் தலைவர் பி. ஆர். ஹண்ட் தமிழ் எழுத்துகளைச் சிறிதாகவும் தெளிவாகவும் வார்ப்பித்திராவிடின் அது கைகூடியிராது. அச்சுத் தொழிலாளரின் கண்ணும் கையும் இதில் பட்ட பாடு சொல்லில் அடங்காது.

நூலின் ஆங்கிலத் தலைப்பிலேயே அதன் உள்ளம் வெளிப்படுகிறது. உயர் தமிழ், தாழ் தமிழ் இரண்டுக்குமான விரிந்த அகராதி என்பது அதன் பொருள். உயர்வு தாழ்வு என்னும் அப்பிரிவினை நமக்கு உவப்பானது அன்று. எனினும் அதன் விளைவை நோக்குங்கள். திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி முதலிய நிகண்டுகள் செய்யுள் வடிவில் அமைந்தவை. மனப்பாடம் செய்வதற்கும் செய்யுள் இயற்றுவதற்கும் உரியவை. வழக்குச் சொல்லுக்கு அங்கே வாயில் குறுகலே. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் அகரவரிசையைத் தந்து பெரும் வழியைத் திறந்தது. பின்வந்த பெப்ரிசியஸ், ராட்லர் ஆகியோர் அகராதிகளில் வழக்குச் சொற்கள் இடம் பெற்றன. வின்சுலோவிடம் நிகண்டுச் சொல்லும் சந்தைச் சொல்லும் பெருந்தொகையாக அடுத்தடுத்து ஒரே பக்கத்தில் அமர்ந்தன. செய்யுள் வழக்கு இது, பொது வழக்கு இது என்று குறியிட்டுக் காட்டினார். பழமொழிகளை இடையிடையே சேர்த்தார். மருந்துச் செடி, நோய், விண்மீன், சடங்கு, அலுவலகச் சொல், தெய்வப் பெயர், புலவர் பெயர் எல்லாம் அகரவரிசை என்னும் ஒரே நீதிக்குக் கட்டுப்பட்டு நின்றன. அகரவரிசையில் அரசனுக்கு முன்னுரிமை இல்லை என்பதை எண்ணுந்தோறும், குடியரசில் பிறந்தவர் கையால் இது நடந்தது பொருத்தமே எனத் தோன்றும்.

நம் வட்டத்துக் கவிஞர்கள் இருவகை வழக்குகளையும் ஒரே பாட்டில் கையாள்கிறார்கள். அவ்வாறு கையாளலாமா என்று பத்தாண்டுகளாக நம் கூட்டங்களில் வாதிட்டு வந்திருக்கிறோம். அவ்வாதத்தில் நான் பெரும்பாலும் மரபின் பக்கம் நின்றவள் என்பதை உறுப்பினர் அறிவர். இப்போதும் யாப்பில் என் நிலை மாறவில்லை. சொல்லாட்சியில் மட்டும், கொடுந்தமிழ் என ஒதுக்கப்பட்ட ஒரு சொல்லைப் புலவர் முன்னிலையில் எழுதி, பொருள் கேட்டு, அச்சிட்டு வைத்த ஒருவரின் துணிவை மதிக்கத்தான் வேண்டும்.

குறைகளும் கூறப்பட வேண்டும். இந்நூலில் இலக்கிய மேற்கோள் மிக அரிது. நிகண்டு கூறிய பொருளை நூல்களோடு ஒப்பிட்டுத் தேர்ந்திலர். இதற்குக் காலமும் ஒரு காரணம். சங்க நூல்கள் ஏட்டில் உறங்கிய நாள் அது. கலித்தொகையும் சீவக சிந்தாமணியும் 1887இல்தான் அச்சேறின. சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல் வெளிவந்தன. கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அமெரிக்கரின் வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர் என்பது இங்கே நினையத்தக்கது. வடசொற்களுக்கு இடம் மிகுதியாகக் கொடுத்தார் என்னும் குறையும் உண்டு. அன்றைய எழுத்து வழக்கு அவ்வாறு இருந்தது.

இவற்றினும் பெரிய குறை ஒன்று எனக்குப் படுகிறது. நூல் வின்சுலோவின் பெயரால் மட்டுமே வழங்குகிறது. நைட்டின் திரட்டு, சந்திரசேகர பண்டிதர் போன்றோரின் உழைப்பு, சென்னையில் அருகிருந்து உதவிய முகவை இராமாநுச கவிராயர், விசாகப்பெருமாளையர் ஆகியோரின் புலமை இல்லையேல் நூல் இல்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் இது என்று முதலில் வாய்திறந்து சொன்னவர் தமிழரே, எழுதிக்கொண்டவர் அமெரிக்கர். சமயம் பரப்புதலே அவர் கடல் கடந்து வந்த நோக்கம். அகராதி அதற்கான கருவி. இதனை அவரும் மறைத்ததில்லை. நாம் பயன் கொள்வது கருவியை மட்டுமே.

அகராதி வெளிவந்த ஆண்டில் அவருடைய தாயகம் இரண்டாகப் பிளந்து போரிட்டுக்கொண்டிருந்தது. அடிமை முறையை ஒட்டி எழுந்த அவ்வுள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நீடித்தது. தென் மாநிலப் பஞ்சு இங்கிலாந்து ஆலைகளுக்குச் செல்வது நின்றது. நம் கரிசல் நிலத்துப் பருத்திக்கு என்றும் இல்லாத விலை வந்தது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. அமெரிக்கா என்னும் சொல்லின் பொருளை நம் உழவர் பள்ளியில் கற்றதைவிடப் பருத்திச் சந்தையில் கற்றதே மிகுதி.

ஆட்சித்துறைச் சொற்களின் வரலாறு வேறு வகையானது. மன்னனும் கம்பெனித் துரையும் ஆண்ட மண்ணில் குடிகளே தம் தலைவரைத் தேர்வதைக் குறிக்கும் சொற்கள் அன்றாட வழக்குக்கு வரும் தேவை எழவில்லை. 1885இல் பம்பாயில் கூடிய பேரவை காங்கிரஸ் என்று பெயர் கொண்டது. அமெரிக்க மக்களவைப் பெயர் அதற்கு ஒரு முன்மாதிரி. பின்னர் அச்சொல் கதரோடும் இராட்டையோடும் சேர்ந்து, அமெரிக்க வாடை முற்றிலும் நீங்கி, ஊர்த் திண்ணைகளில் உட்கார்ந்துகொண்டது. குடியரசு என்பதைப் பாரதி பாட்டில் ஆண்டார். 1925இல் அது பெரியாரின் வார இதழுக்குப் பெயராயிற்று. 1950இல் நாட்டின் நிலையாயிற்று. இன்று டெல்லியில் இருப்பவர் குடியரசுத் தலைவர், வாஷிங்டனில் இருப்பவர் அதிபர் என்று நாளிதழ்கள் பிரித்து எழுதுகின்றன. ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இரு சொற்கள். முன்னவரை மக்கள் பிரதிநிதிகள் தேர்கின்றனர், பின்னவரிடம் ஆட்சி அதிகாரமே இருக்கிறது என்னும் வேறுபாட்டைத் தமிழ் வழக்கு தானே கண்டுகொண்டது போலும்.

உடல் நலிந்த வின்சுலோ 1864இல் தாயகம் நோக்கிப் புறப்பட்டார். வழியில் ஆப்பிரிக்காவின் தென்முனையில் கேப் டவுனில், அக்டோபர் 22ஆம் நாள் உயிர் நீத்தார். அகவை 74. போரின் முடிவையும் அவர் காணவில்லை. பிறந்த ஊரையும் காணவில்லை.

அவர் மகள் ஹாரியட், சென்னையில் பணியாற்றிய ஜான் வெல்ஷ் டல்லஸ் என்பாரை மணந்தார். அவர்களுடைய பேரன்மார் இருவர் 1950களில் அமெரிக்க அரசின் உச்சியில் இருந்தனர்: வெளியுறவு அமைச்சராக ஜான் பாஸ்டர் டல்லஸ், உளவுத்துறைத் தலைவராக ஆலன் டல்லஸ். நேருவின் அணிசேராக் கொள்கையைக் கடிந்துரைத்த முன்னவரின் கொள்ளுப்பாட்டனார் தமிழ்ச் சொற்களை எண்ணிக்கொண்டிருந்தவர் என்பது அந்நாளில் எத்தனை பேருக்கு நினைவிருந்திருக்கும்? அவர் பெயரால் வாஷிங்டன் அருகே விமான நிலையம் திறக்கப்பட்ட ஆண்டு 1962. அகராதிக்கு அது சரியாக நூறாம் ஆண்டு. அவ்வழியே வந்துபோகும் நம் பிள்ளைகள் டல்லஸ் என்பதை டெக்சாஸ் நகரத்தின் பெயரோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

அகராதிப் பணி அமெரிக்கர் கையிலிருந்து மீண்டும் மதுரைக்கு வந்தது. மதுரை மிஷன் குடும்பத்தில் 1849இல் மதுரையிலேயே பிறந்த ஜே. எஸ். சாண்ட்லர், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிக்கு 1913இல் முதல் பதிப்பாசிரியர் ஆனார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ் இதழாசிரியராக விளங்கிய மு. இராகவையங்கார் அவரோடு தலைமைப் பண்டிதராகச் சேர்ந்தார். பின்னர் எஸ். வையாபுரிப்பிள்ளை பொறுப்பேற்று நிறைவேற்றிய அப்பெருநூலின் ஆறு தொகுதிகளும் பிற்சேர்க்கையும் 1924 முதல் 1939 வரை வெளிவந்தன. இம்முறை ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கியச் சான்று தேடினார்கள். கிடைத்த இடத்தில் நூற்பெயரையும் செய்யுள் எண்ணையும் தந்தார்கள். எந்தப் புலவரும் பாடாத, ஆனால் எங்கோ ஒரு வீட்டு முற்றத்திலோ கடற்கரையிலோ வழங்கிவந்த சொற்கள் பலவற்றுக்குச் சான்று என ஒற்றை ஆங்கில எழுத்தே அடைப்புக் குறிக்குள் நிற்கிறது. அது வின்சுலோவின் முதலெழுத்து.